வாசனை இல்லாத குடி

என் கணவர் அன்றைக்கு ஒரு காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்தார். இன்னொரு செருப்பு எங்கே என்று கேட்டேன். குனிந்து காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் அது இல்லை என்பதே அவருக்குத் தெரிந்தது.

"எங்க வுட்டேன்னு தெரியலையேமே," என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பும் ஆம்பளைக்கு ஒரே அர்த்தம்தான். சங்கராபுரத்தில் ஆரம்பித்து மூங்கில்துறைப்பட்டு வரைக்கும் யாரை நிறுத்திக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். 'விடையை மட்டும் எழுதாதே, வழியைக் காட்டு' என்று இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள். அன்றைக்கு ஒரு வரி வழி போடாமல் நேராக விடையை எழுதினேன். ஆள் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

மறுபடியும் என்று சொல்லக் காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் நன்றாகவே குடித்தவர். சொந்த டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போவார். அங்கே வரிசையில் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் பிடித்துக்கொண்ட பழக்கம். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அன்று எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்தைத் தொட்டு, இனிமேல் இல்லை என்று சத்தியம் செய்தார். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர்கள், ஊர்ப் பேச்சில் வேதக்காரக் குடும்பம். பீடத்தில் செய்த சத்தியத்துக்கு எங்கள் தெருவில் கோர்ட்டுத் தீர்ப்பைவிட மரியாதை அதிகம். ஒன்பது வருடமும் அவர் அதைக் காப்பாற்றினார். அந்தப் பெருமையில் நானும் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

"ஊதுங்க," என்றேன், வாசலிலேயே நிறுத்தி.

ஊதினார். ஒரு வாசனையும் வரவில்லை. எனக்கு மூக்கு ரொம்பக் கூர்மை. எந்தப் பையனின் பைக்குள் பாக்குப் பொட்டலம் இருக்கிறது என்று கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றபடியே சொல்லிவிடுவேன். அந்த மூக்கை நான் நம்பியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இப்பல்லாம் வாசனையே வராத மாத்திரை வந்துருக்குதும்மா," என்றார் அண்ணன். "மாப்ள அத்ததான் போட்டுக்கினு இருப்பாரு. நீ இன்னா ஊதச் சொல்லி இன்னா பண்ண?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து வாசனை வராததே எனக்குச் சாட்சியாகிவிட்டது. தினமும் சாயங்காலம் அவர் வாசலுக்கு வந்ததும் நிறுத்துவேன். ஊதச் சொல்லுவேன். ஊதுவார். ஒன்றும் வராது. எனக்கு இன்னும் கோபம் ஏறும். எட்டு மாதம் இது நடந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆள், மீசை நரைத்தவர், தெருவில் போகிறவர்கள் பார்க்க என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதுவார். "நான் குடிக்கலமே" என்பார், ஆனால் ஊத மாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த எட்டு மாதத்தில் அவர் உடம்பு எனக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒரு பொத்தானுக்குக் கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் நிற்பார். பிசைந்த சோறு விரலிடுக்கில் வழிந்து மடியில் விழும். கியரைப் பிடித்தது கைக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றார். நான் டிராக்டர் சாவியை வாங்கி என் கைப்பைக்குள் போட்டுப் பூட்டினேன். அதையும் கேள்வி கேட்காமல் கொடுத்தார். ஒரு நாள் செருப்பை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தலைய கீழ போட்டா முதுவுல கரண்ட் ஓடுற மாரி இருக்குதுமே. கால் வரிக்கும் போவுது."

"ஊத்திக்கினா ஓடத்தான் செய்யும்," என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கழுத்து இறுகுகிறது என்று சலூனுக்குப் போய்க்கொண்டிருந்தார். முடி வெட்டி முடித்ததும் சலூன்காரர் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு திருப்பு, அந்தப் பக்கம் ஒரு திருப்பு திருப்பிச் சொடுக்கு எடுப்பார். படீர் படீர் என்று சத்தம் வரும். அன்று ஒரு நாள் முழுக்க கழுத்து லேசாக இருக்கிறது என்பார். முடியே வளராத வாரத்திலும் சொடுக்குக்காகப் போனார். எனக்கு அதுவும் சந்தேகம்தான். சலூனுக்குப் பக்கத்துச் சந்தில்தான் பிராந்திக் கடை இருந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பூசையில் நன்மை வாங்க எல்லோரும் வரிசையில் போகிறோம்; ஆண்டவரின் உடல் என்று நாங்கள் நம்பும் அப்பம்தான் நன்மை. அவருக்குப் பின்னால் நான். சாமியார் அப்பத்தை அவர் உள்ளங்கையில் வைத்தார். அவர் அதை விரலால் எடுத்து வாயில் வைக்கப் போனார். விரல்கள் சேரவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருந்தன. அப்பம் சரிந்து தரையில் விழுந்தது.

கோயிலில் பாட்டு நின்றது போல எனக்குத் தோன்றியது. நிற்கவில்லை, பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். சாமியார் குனிந்து அதை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். வேறொரு அப்பத்தை எடுத்து என் கணவரின் நாக்கில் வைத்தார். அடுத்து, வழக்கம்போல என்னிடம் வந்தார். ஆனால் பெண்கள் பக்கத்தில் எத்தனை முக்காடு திரும்பியது என்று எனக்குத் தெரியும். பூசைக்கே குடித்துவிட்டு வந்து ஆண்டவரைக் கீழே போட்டுவிட்டான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே அதை எனக்குள் சொல்லிக்கொண்டேன், வீடு வரும்வரை.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல் இருக்கிறது. அங்கே நின்று வெள்ளைச் சட்டையைக் கழற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பொத்தானே வரவில்லை.

"இத்த கொஞ்சம் அவுத்து வுடுமே," என்றார். கோயிலில் ஒன்றுமே நடக்காதது மாதிரி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆண்டவரையே கீழ போட்டுட்டு வந்து நிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்று கத்தினேன். அவரை நான் நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு கையாலும் பிடரியில் வைத்துத் தள்ளினேன்.

முன்னால் போய் விழுந்தார். நெற்றி கல்லின் விளிம்பில் இடித்து, தலை பின்னால் வளைந்தது. கையை ஊன்றித் தடுக்கவே இல்லை. கவிழ்ந்து கிடந்தபடி சொன்னார்:

"கை இல்லமே. என் கை எங்க இருக்குதுன்னு தெரியலமே."

"நடிக்காதீங்க," என்றேன். உள்ளே போய்க் குக்கரில் சோறு வைத்தேன். மூன்று விசில் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். எழுந்து உட்கார்ந்து, ஒரு கையால் இன்னொரு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. சாப்பிடக் கூப்பிட்டேன். வந்தார். அன்றைக்கு அவர் கரண்டியால் சாப்பிட்டார்.

அண்ணன்தான் கரியாலூர் பக்கம் இருக்கிற ஆளைப் பற்றிச் சொன்னார். மலைக்காரர், குடிக்கு வேர் அரைத்துக் கொடுக்கிறவர். ஒரு வேளை குடித்தால் போதும், சாராயம் என்ற பேச்சைக் கேட்டாலே குமட்டும் என்றார். அடுத்த சனிக்கிழமையே கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் கணவரைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். வருகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் முன் சீட்டின் கம்பியைப் பிடிக்கப் பார்த்தார். பிடி நழுவி நழுவி என் தோளில் வந்து விழுந்தார். நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

மருந்துக்காரர் வீடு சாலைக்குக் கீழே சரிவில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். வாசலில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் தங்கள் வீட்டு ஆம்பளைகளோடு காத்திருந்தார்கள். ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே காரியத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அங்கே ஒரு வழக்கம். மருந்து குடிக்கப் போகிறவரே வேர் அரைக்கத் தண்ணீர் கொண்டு வர வேண்டும். கீழே ஊற்று இருக்கிறது. ஒரு செம்பைக் கொடுத்து அனுப்புவார். மனைவி எடுத்து வந்தால் அந்தத் தண்ணீர் செல்லாது. முன்னால் போன இரண்டு பேரும் தள்ளாடிக்கொண்டே போய்ப் பாதிச் செம்பாவது கொண்டு வந்தார்கள். என் கணவர் முறை வந்தது. செம்பை வாங்கிக்கொண்டு இறங்கினார். போனார், மொண்டார், திரும்பி ஏறினார். பாதி வழியில் செம்பு பாறையில் விழுந்து உருண்டது. சத்தம் கேட்ட பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார்.

மருந்துக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இவருக்குக் குடி இல்லீங்கம்மா."

"உங்களுக்குத் தெரியாதுங்க. வாசனை வராத மாத்திரை போடறாரு."

"எத்தினி பேர் இந்தச் சரிவுல எறங்குறத பாத்துருக்கேன். குடிச்சவன் காலு எங்க போவுதுன்னு பாக்கவே மாட்டான். இவரு ஒவ்வொரு அடியும் பாத்துப் பாத்து வெக்கிறாரு. பாக்கலன்னா காலு இருக்குறதே அவருக்குத் தெரியல."

நான் சண்டைக்குப் போனேன். நீங்கள் என்ன டாக்டரா, அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறோம், வேரைக் கொடுங்கள் என்றேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. தன் தம்பி கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டதைச் சொன்னார். அதற்குப் பிறகு தம்பியும் இதே மாதிரிதான் காலை விறைத்து விறைத்து வைத்து நடந்தாராம், இதே மாதிரிதான் கையில் இருப்பதெல்லாம் நழுவுமாம்.

"வேர் தர மாட்டேன். பெரிய டாக்டரைப் பாருங்க. கழுத்தைப் பாக்கச் சொல்லுங்க."

சாலைக்கு ஏறும்போது முதல் தடவையாக நான் அவருடைய கால்களைப் பார்த்தேன். எட்டு மாதமாக வாயைத்தான் பார்த்திருந்தேன். ஒவ்வொரு பாதத்தையும் கண்ணால் கூட்டிக்கொண்டு போய் ஒரு இடத்தில் வைத்தார். வைத்த பிறகு அடுத்த பாதத்தைப் பார்த்தார். கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பலமே இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனோம். என்னைவிட வயது குறைந்த பெண். என் கணவர் நடந்து வந்து நாற்காலியில் உட்காரும்வரை அந்த டாக்டர் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டச் சொல்லி, விரலை மடக்கி மடக்கி விரிக்கச் சொன்னார். "வேகமா, சார். இன்னும் வேகமா." என் கணவர் முகம் சிவக்க முயற்சி செய்தார். விரல்கள் ஈரத் துணி போல மெதுவாக விரிந்தன. சுண்டு விரல் தனியாக ஒதுங்கி நின்றது.

அடுத்து டாக்டர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் கணவரின் நடுவிரலைப் பிடித்து, நகத்தை மட்டும் கீழ்நோக்கி ஒரு சுண்டு சுண்டினார். கட்டை விரல் துள்ளியது. யாரும் அதைத் தொடவில்லை. இன்னொரு தடவை சுண்டினார். மறுபடியும் அது தானாக உள்ளே மடங்கித் துள்ளியது. என் கணவர் அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"நான் பண்ணலீங்க," என்றார் டாக்டரிடம். எட்டு மாதம் என்னிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல் அது.

"தெரியும் சார். நீங்க பண்ணல," என்றார் டாக்டர்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் பத்து நிமிடத்தில் சொன்னதை இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்த நான் சொல்லவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தோம். சாயங்காலம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். கழுத்தெலும்புகளுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை நார் போல ஒரு பட்டை ஓடுமாம். எல்லோருக்கும் உண்டு. எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது அதுதான். மெத்தென்று வளைந்து கொடுக்க வேண்டிய அந்தப் பட்டை இவருக்குச் சுண்ணாம்பு ஏறி எலும்பாகவே மாறிவிட்டது. நின்ற இடத்தில் நிற்காமல் உள்பக்கமாகத் தடித்து வளர்ந்திருக்கிறது. அதற்கு நேர் பின்னால்தான் தண்டுவடம். கைக்கும் காலுக்கும் போகும் நரம்பெல்லாம் அதற்குள்தான். அது நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. படத்தில் பார்த்தால் எனக்கே புரிந்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் ஓடும் குழாய்க்குள் வெள்ளையாக உப்புப் பிடித்து ஓட்டை சுருங்கிப்போவது மாதிரிதான் இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் பெயர் சொன்னார். ஏன் வருகிறது என்று கேட்டேன். சில பேருக்கு வருகிறது, இதனால்தான் என்று ஒன்றைக் காட்டிச் சொல்ல முடியாது என்றார்.

"குடிச்சா வருமா?"

"சாருக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லீங்க," என்றேன். அந்தச் சொல்லை அவருக்காக நான் சொன்னது அன்றைக்குத்தான்.

கழுத்தில் யாராவது சொடுக்கு எடுத்தார்களா என்று டாக்டர் கேட்டார். சலூன் விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு நெற்றித் தழும்பைப் பார்த்தார்.

"எங்கயாவது கீழ விழுந்தீங்களா, சார்? கழுத்து பின்னால வளையற மாதிரி? சொல்லணும். இவ்வளவு நெருக்கத்துல நரம்பு இருக்கும்போது சின்னத் தள்ளு போதும். கழுத்துக்குக் கீழ எல்லாமே ஒரே நிமிஷத்துல போயிடும். எந்திரிக்கவே மாட்டாங்க."

"தொவைக்கிற கல்லுகிட்ட பாசி. வழுக்கிட்டேன்," என்றார் என் கணவர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

டாக்டர் எழுதப் போனார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் எனக்காக ஒரு பாசியை உண்டாக்கி வைத்திருந்தார்.

"வழுக்கலீங்க டாக்டர்," என்றேன். "நான்தான் தள்ளுனேன். பிடரியில கைய வெச்சு."

பேனா நின்றது. டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் திட்டு இல்லை, இரக்கமும் இல்லை. "விழுந்த உடனே கை கால் அசைஞ்சுதா?"

"கை இல்லன்னு சொன்னாரு."

"எவ்வளவு நேரம்?"

"மூணு விசில்."

டாக்டருக்குப் புரியவில்லை. குக்கர் விசில் என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று விசில் நேரம் என் கணவர் கை கால் இல்லாமல் கல்லின் அடியில் கிடந்திருக்கிறார். நான் சோறு வெந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று விசில் முடிந்து அவர் எழுந்தது யார் புண்ணியம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் புண்ணியம் இல்லை.

"ஏங்க வழுக்கிச்சுன்னு சொன்னீங்க?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"வேற இன்னா சொல்றது."

"அப்ப மலைக்கு ஏன் கூட வந்தீங்க? குடிக்கலன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நீ நம்பலியேமே. அந்த வேரக் குடிச்சிட்டாவது நம்புவியான்னு பாத்தேன்."

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. கழுத்தின் பின்பக்கம் திறந்து நரம்புக்கு இடம் விட்டார்கள். போனதெல்லாம் திரும்பி வரும் என்று எண்ணாதீர்கள், இருப்பது போகாமல் நிறுத்தத்தான் இது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அதனால் நாங்கள் எதையும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. கரண்ட் ஓடுவது நின்றது. ஐந்து பொத்தானில் மூன்றை அவரே போடுகிறார், மேலே இரண்டை நான் போட்டு விடுகிறேன். டிராக்டர் ஓட்டக் கூடாது என்றுவிட்டார்கள். சாவி இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஆனாலும் வெளியே எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், டீக்கடை வரைக்கும் தனியாகப் போய் வருகிறேன் என்றார். கழுத்துப் பட்டை மாட்டி, பின்னால் வார் வைத்த செருப்பைப் போட்டு அனுப்பினேன். அவர் போய்த் திரும்பும்வரை வாசலிலேயே நின்றேன். தெருமுனையில் தலை தெரிந்தது. இரண்டு காலிலும் செருப்பு இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவர் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலுக்கு வந்ததும் நின்றார். கழுத்தை வளைக்க முடியாது. அதனால் உடம்பையே என் பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து, என் முகத்துக்கு நேராக ஊதினார்.

கேலி செய்கிறாரோ என்று கண்ணைப் பார்த்தேன். இல்லை. எட்டு மாதம் நான் பழக்கியது அவர் உடம்பில் தங்கியிருந்தது. ஊதிவிட்டு, உள்ளே போகலாம் என்று நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

இஞ்சி டீ வாசனை வந்தது.